வண்டு இரைச்சல் இல்லாத ஒரு விமானம்

எமது பங்கிலிருந்து புலம்பெயர்ந்து வெளிநாட்டில் வாழும் குடும்பமொன்று, இளைஞர் தொழிற்பயிற்சி வகுப்புக்கென ஒரு பெரிய அட்டைப்பெட்டியை அனுப்பிவைத்தது. மின்கம்பிச் சுருள்கள், பற்றவைக்கும் கருவிகள், பழைய கணினி உதிரிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ரெஜிபோமினால் செய்த ஒரு சிறிய விமானம் இருந்தது. தரையில் நின்றபடியே ரிமோட்டால் ஓட்டும் விமானம். பழகுவோருக்கு ஏற்றது என்று பெட்டியில் எழுதியிருந்தது. அதனோடு, அந்த வீட்டுப் பெரியவர் முன்னொரு காலத்தில் பாவித்த, நீண்ட அன்ரெனா கொண்ட பழைய வானொலிச் செலுத்தி ஒன்றும் இருந்தது.

ஞாயிறு திருப்பலி முடிந்த கையோடு ஆலய வளவிலேயே அந்த விமானத்தைப் பறக்கவிட்டோம். யோசியாமல் செய்த காரியம். இறக்கையின் பின்னோரத்தில் பொருத்தப்பட்ட இரண்டு சிறு மோட்டர்களும் கூரிய குரலில் இரைய, அது ஒரு நிமிடம்கூடப் பறக்காமல் மாமரத்தில் மோதி விழுந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். ஆனால் ஆலய வாசலில் நின்ற பெரியவர்கள் சிலர் ஒருவரும் சொல்லாமலே சுவரோரம் ஒதுங்கி நின்றதை நாம் பிறகுதான் கவனித்தோம். மீள்குடியேறிய தாய் ஒருவர் அன்று மாலை எம்மிடம் வந்தார். "பாதர், உது விளையாட்டுச் சாமான் எண்டு எனக்கு விளங்குது. ஆனா அந்தச் சத்தம் கேட்டவுடன கால் தன்ரபாட்டில பங்கருக்கு ஓடப்பாக்குது" என்றார்.

யுத்த காலத்தில் தலைக்கு மேல் நின்று வேவு பார்த்த ஆளில்லா விமானத்தை வன்னி மக்கள் 'வண்டு' என்றே அழைத்தார்கள். வண்டு சுற்றினால் பின்னால் எறிகணை வரும், கிபிர் வரும் என்பது அன்று குழந்தைகளுக்கும் தெரிந்த பாடம். நாம் ஆலய வளவில் எழுப்பியது ஏறக்குறைய அதே சத்தம்.

விமானத்தைப் பெட்டியில் போட்டு மூடிவிடுவதா என்று யோசித்தோம். வகுப்பிலிருந்த பதினொரு பிள்ளைகளும் மூட வேண்டாம் என்றார்கள். சத்தத்தைக் குறைக்க முடியுமா என்று பார்ப்போம் என்று ஒரு பிள்ளை சொன்னாள். அங்கிருந்துதான் இந்த வேலை தொடங்கியது.

நெல்லும் மாடும் பேசவேண்டிய இந்தப் பக்கங்களில் விளையாட்டு விமானம் எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வயலுக்கு மருந்தடிக்கும் ஆளில்லா வானூர்திகள் எமது நாட்டிலும் வாடகைக்கு வரத் தொடங்கிவிட்டன. லாண்ட்மாஸ்ரர் வந்தபோது எம்மவர் அதன் சாரதிகளாக மட்டுமன்றித் திருத்துநர்களாகவும் ஆனார்கள். இப்போது வரும் இயந்திரத்தை வெளியூரார் கொண்டுவந்து ஓட்டிக் காசு வாங்கிப் போவதை வரம்பில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதா என்பதே எமது கவலை. மோட்டர், வேகக் கட்டுப்படுத்தி, பற்றரி, வானொலி வாங்கி என்று சிறிய விமானத்தில் இருக்கும் உறுப்புகளே பெரியதிலும் இருக்கின்றன. சிறியது விழுந்தால் நட்டமும் சிறியது.

வாங்கிய விமானத்தில் என்ன குறை?

பெட்டியில் வந்த விமானத்துக்கு அசையும் வால் கிடையாது. இடப்பக்க மோட்டர் வேகமாகச் சுற்றினால் வலப்பக்கம் திரும்பும், வலது வேகமானால் இடப்பக்கம் திரும்பும். மலிவாகச் செய்வதற்கு இது நல்ல உபாயம். ஆனால் இறங்குவதற்காக மோட்டரை நிறுத்திய கணத்தில் திருப்பும் வழியும் நின்றுபோகும். பழகுபவருக்குக் கட்டுப்பாடு மிகவும் தேவைப்படும் நேரம் அதுதான்.

இரைச்சலுக்கும் அதே மோட்டர்கள்தான் காரணம். மிகச் சிறிய காற்றாடிகள் மிக வேகமாகச் சுற்றுகின்றன. போதாததற்கு, இறக்கைக்குப் பின்னால் இருப்பதால் இறக்கை கலக்கிவிட்ட காற்றையே அவை வெட்டுகின்றன. அதனால்தான் அந்த வண்டுக் குரல்.

ஆகவே இரண்டு மோட்டர்களையும் கழற்றிவிட்டு, மூக்கில் ஒரே மோட்டர் வைத்தோம். மோட்டர் வாங்கும்போது அதன் மேல் 'கே.வி.' என்ற எழுத்துகளோடு ஓர் எண் இருக்கும். ஒரு வோல்ற்றுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதை அது குறிக்கும். 1000 கே.வி. மோட்டருக்கு 11 வோல்ற் கொடுத்தால், பாரம் ஏதும் இல்லாதபோது ஏறக்குறைய 11,000 சுற்று. எண் குறையக் குறைய மோட்டர் மெதுவாகச் சுற்றும், பெரிய காற்றாடியைத் தாங்கும். பெரிய காற்றாடி மெதுவாகச் சுற்றினால் இரைச்சல் தணிந்து காற்று வீசுவது போன்ற ஓசையாகிவிடும். நாம் 9 அங்குலக் காற்றாடி போட்டோம். அது நிலத்தில் தட்டாமலிருக்க உயரமான கால்களும் பெரிய சில்லுகளும் தேவைப்பட்டன. பழைய இறப்பர்ச் செருப்பிலிருந்து பிள்ளைகள் சில்லு வெட்டினார்கள். வரண்ட குளத்துத் தரையில் கடைச் சில்லைவிட அதுவே நன்றாக ஓடியது.

வாலில் இரண்டு அசையும் தட்டுகள் செய்தோம். நிமிர்ந்து நிற்பது படகில் உள்ளது போன்ற சுக்கான், கிடையாக உள்ளது ஏற்ற இறக்கத் தட்டு. பிணைச்சலுக்கு ஒட்டுநாடாவே போதும். இவற்றை அசைக்க 9 கிராம் நிறையுள்ள இரண்டு சேர்வோக்கள். சேர்வோ என்பது வானொலி சொல்லும் அளவுக்கு மட்டும் திரும்பி நிற்கும் சிறு மோட்டர். மூங்கிற் சிம்பு ஒன்றை இறக்கையின் அடிப்புறத்தில் நீளவாக்கில் புதைத்து ஒட்டினோம். இங்கே ஓர் எச்சரிக்கை: கடையில் விற்கும் 'சுப்பர் குளூ' ரெஜிபோமைக் கரைத்துவிடும். எமது முதல் வால் அப்படித்தான் புகைந்து ஓட்டையானது. மரவேலைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசை காய நேரமெடுக்கும், ஆனால் கெடுக்காது.

இறக்கையின் இரு நுனிகளும் நடுப்பகுதியைவிடச் சற்று மேலே தூக்கி நிற்கவேண்டும். விமானம் ஒருபக்கம் சரிந்தால் தானாக நிமிர்ந்துகொள்ள அது உதவும். பெரிய விமானங்களில் உள்ளதுபோல இறக்கை ஓரத்திலும் அசையும் தட்டு வைக்கவேண்டும் என்று பையன்கள் ஆசைப்பட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று மறுத்துவிட்டோம். தானாக நிமிரும் விமானத்தில் பழகி முடித்த பிறகே அது.

சமநிலை பற்றி எமது பிள்ளைகளுக்கு அதிகம் சொல்லவேண்டியிருக்கவில்லை. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்கு ஏறும் பட்டங்களைப் பார்த்தவர்களுக்கும் கட்டியவர்களுக்கும் முச்சை பிசகினால் என்ன நடக்கும் என்று தெரியும். பட்டத்துக்கு முச்சை எப்படியோ விமானத்துக்குப் பாரமையம் அப்படி. இறக்கையின் அகலத்தை மூன்று பங்காக்கினால், முன்னோரத்திலிருந்து முதற் பங்கு முடியும் இடத்தில் அல்லது அதற்குச் சற்று முன்னால் இரு விரல்களால் தாங்கும்போது விமானம் நேராக நிற்கவேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. எமது விமானம் வாற்பாரமாக இருந்தது. பற்றரியை முன்னே தள்ளியும் போதவில்லை. பாப்பரசர் 15ஆம் ஆசீர்வாதப்பர் 1920இல் விமானிகளின் பாதுகாவலியாக அறிவித்தது லொரேற்றோ அன்னையை என்று ஒருமுறை வகுப்பில் சொல்லியிருந்தோம். மூக்கினுள் ஒட்டுவதற்கு ஒரு பிள்ளை மாதாவின் பதக்கத்தைக் கொண்டுவந்தாள். பாரம் சரியாக அமைந்தது. எமக்கு மறுப்பதற்குக் காரணம் இருக்கவில்லை.

அன்ரெனாவை வெட்டிய கதை

வாங்கிய விமானத்தின் வானொலி அதன் சிறு பலகையிலேயே பதிந்திருந்தது. இரண்டு மோட்டர்களை ஓட்ட மட்டுமே அது உதவும். புதிய வாலுக்கு வேறு வானொலி வேண்டும். புதிதாக வாங்கப் பணமில்லாததால் பெட்டியில் வந்த பழைய 35 மெகாஹேர்ட்ஸ் செலுத்தியையும் வாங்கியையும் பொருத்தினோம்.

இந்தப் பழைய முறையில் ஒவ்வொரு செலுத்திக்குள்ளும் ஒரு பளிங்குத் துண்டு இருக்கும். எந்த அலைவரிசையில் பேசுவது என்பதை அதுவே தீர்மானிக்கும். ஒரே அலைவரிசையில் இருவர் செலுத்தியைப் போட்டால் விமானம் இரண்டு எசமான்களுக்கு நடுவே அகப்பட்டு விழும். அதனால் மேலைநாட்டுக் கழகங்களில் அலைவரிசை எண் எழுதிய உடுப்புக் கவ்வி ஒன்றைப் பலகையிலிருந்து எடுத்துத் தன் அன்ரெனாவில் கொழுவிக்கொண்டவர் மட்டுமே செலுத்தியைப் போடலாம் என்ற வழக்கம் இருந்தது. எமது ஊரில் வேறு செலுத்தி இல்லை. ஆகவே பயமில்லை என்றெண்ணினோம்.

பயம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 35 மெகாஹேர்ட்ஸ் அலை நீளமானது. ஓர் அலைக்கு எட்டரை மீற்றருக்கு மேல். அதனால் விமானத்தில் உள்ள வாங்கிக்கு ஒரு மீற்றர் அளவு கம்பி வேண்டும். அது வாலுக்குப் பின்னால் தொங்கியது. நல்லெண்ணம் கொண்ட பையன் ஒருவன் அதைச் சாண் அளவுக்கு வெட்டிவிட்டான். "வால் மாதிரித் தொங்கிச்சுது பாதர், காற்றாடியில சிக்கிப்போடும் எண்டு வெட்டினனான்" என்று பிறகு அழுதபடி சொன்னான். கம்பியை ஏன் தொடக்கூடாது என்று நாம் முன்கூட்டியே சொல்லியிருக்கவில்லை. தவறு எம்முடையது.

கையில் வைத்துப் பார்த்தபோது சுக்கானும் வால் தட்டும் ஒழுங்காக அசைந்தன. பறந்து நூறு மீற்றர் தாண்டியதும் விமானம் சொற்கேட்கவில்லை. மோட்டர் ஓடியபடியே, சத்தமும் இல்லாமல், அழகாக, வெளியைக் கடந்து போய் மண்டையோட்டுப் பலகை நாட்டிய பற்றைக்கு மேல் பாலை மரமொன்றில் விழுந்தது.

வேலிக் கயிற்றிலிருந்து முப்பது அடி தூரம்கூட இராது. இறக்கை கண்ணுக்குத் தெரிந்தது. ஓடிப்போக முயன்ற இருவரைக் கையைப் பிடித்து நிறுத்தினோம். கண்ணிவெடி அகற்றப்படாத நிலத்தில் விமானமும் வேண்டாம், ஆடும் வேண்டாம், விறகும் வேண்டாம். பிள்ளைகளுக்கு இது தெரியும். ஆனாலும் தாம் செய்த பொருள் கண்ணெதிரே தொங்கும்போது கால் தயங்குவதில்லை என்பதை அன்று கண்டோம். பறக்கவிடும் இடத்தை அப்படித் தெரிவு செய்ததே நாம் செய்த இரண்டாவது தவறு. மூன்றாவதையும் ஒளிக்க விரும்பவில்லை: அப்போது நாம் உரிய அனுமதி எதுவும் பெற்றிருக்கவில்லை.

வானொலித் தெரிவு

1898இல் நிக்கோலா தெஸ்லா நியூயோர்க்கில் ஒரு சிறு படகை வானொலி அலையால் ஓட்டிக் காட்டினார். 1937இல் அமெரிக்காவின் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் தாமே செய்த மாதிரி விமானத்தை வானொலியால் ஓட்டினார்கள். அன்றிலிருந்து இன்றுவரை கேள்வி ஒன்றுதான்: சொல் போய்ச் சேராவிட்டால் விமானம் என்ன செய்யும்?

எமது பழைய வாங்கி கடைசியாகக் கேட்ட சொல்லையும் கரகரப்பையும் வைத்துக்கொண்டு அலைந்தது. இப்போதைய 2.4 கிகாஹேர்ட்ஸ் வானொலிகளில், தொடர்பு அறுந்தால் மோட்டரை நிறுத்து என்று முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். சிலவற்றில் அது தானாக அமைந்திருக்காது, வாங்கியவரே அமைக்கவேண்டும். அமைத்துவிட்டு, காற்றாடியைக் கழற்றி வைத்து, மோட்டர் ஓடும்போது செலுத்தியை நிறுத்திப் பாருங்கள். மோட்டர் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் அன்று பறப்பு இல்லை. இந்த வசதி மட்டும் அன்று இருந்திருந்தால் எமது விமானம் வெளியிலேயே இறங்கியிருக்கும்.

இந்த முறையில் பளிங்கும் இல்லை, கவ்வியும் இல்லை. செலுத்தியும் வாங்கியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்துகொள்கின்றன. அலை மிகக் குறுகியதால் அன்ரெனாவின் வேலைசெய்யும் நுனி 3 சென்ரிமீற்றர் அளவுதான். அதையும் வெட்டக்கூடாது, மடிக்கக்கூடாது, பற்றரியோடும் மோட்டரோடும் ஒட்டி வைக்கக்கூடாது. ஒரு நிறுவனத்தின் செலுத்தி மற்றொரு நிறுவனத்தின் வாங்கியோடு பொதுவாகப் பேசாது என்பதையும் கவனிக்கவேண்டும். ஆகவே செலுத்தியின் விலையை மட்டும் கேளாமல், உதிரி வாங்கி என்ன விலை, எளிதில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

எமது பணத்தில் பெரும்பங்கை விமானத்துக்கல்ல, வானொலிக்கே கொடுத்தோம். ரெஜிபோம் விமானம் உடையும். மீன்பெட்டியை வெட்டி இன்னொன்று செய்யலாம். செலுத்தி தரையில் எமது கையில் இருப்பது. பல விமானங்களைத் தாண்டி நிற்கும். மூன்று வழி இப்போதைக்குப் போதும் என்றாலும் ஆறு வழியுள்ளதை எடுத்தோம், பின்னர் இறக்கைத் தட்டும் வைக்கலாம் என்பதால். பிளைஸ்கை எப்.எஸ். ஐ6 என்ற இரகம் விலை குறைந்தவற்றில் ஒன்று. கடையில் கிடைக்கும் நான்கு சிறு பற்றரிகளில் அது இயங்குவது மின்சாரம் ஒழுங்காக இல்லாத இடங்களுக்கு வசதி. 1990களில் பற்றரி தடைசெய்யப்பட்டிருந்தபோது, சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். எதில் இயங்கும் என்பதே இன்றும் எமது முதற் கேள்வி.

நாம் வற்புறுத்திக் கேட்ட இன்னொரு வசதி, இரண்டு செலுத்திகளைக் கம்பியால் இணைக்கும் துளை. ஆசிரியர் கையில் ஒன்று, மாணவர் கையில் ஒன்று. ஆசிரியர் ஒரு சுவிட்சைப் பிடித்திருக்கும்வரை மாணவர் ஓட்டுவார். பிசகினால் சுவிட்சை விட்டதும் கட்டுப்பாடு ஆசிரியரிடம் வந்துவிடும். கொழும்பில் பல வருடம் மாதிரி விமானம் ஓட்டிய அன்பர் ஒருவர் இரண்டு நாள் எம்மோடு தங்கி இப்படியே பழக்கினார். விமானம் எம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும்; பழகுவோர் எல்லோரும் விழுத்துவது அங்கேதான். தாழ்ந்திருக்கும் இறக்கை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கோலைத் தள்ளு என்று அவர் சொன்னதை எமது பிள்ளைகள் வேதபாடம்போல மனனம் செய்துவிட்டார்கள்.

பற்றரி பற்றி ஒரு சொல். விமானத்துக்குப் பாவிக்கும் லிதியம் பற்றரியின் ஒவ்வொரு கலமும் 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறவும் கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கவும் கூடாது. அதற்கென உள்ள சார்ஜரிலேயே, ஆள் பக்கத்தில் இருக்க, மண்சட்டியில் வைத்துச் சார்ஜ் பண்ணவேண்டும். ஓலைக் கூரைக்குக் கீழ் ஒருபோதும் வேண்டாம். வீங்கிய பற்றரியைப் பாவிக்கவேண்டாம்.

அனுமதி

ஆளில்லா வானூர்திகளுக்குப் பொறுப்பானது இலங்கை சிவில் விமான சேவைகள் அதிகாரசபை. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களைத் தொடர்ந்து அவற்றின் பறப்பு முற்றாக நிறுத்தப்பட்டது. பின்னர் நிபந்தனைகளோடு அனுமதி வழங்கப்பட்டது. வானொலிக் கருவி இறக்குமதி, பாவனை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கீழ் வருகிறது. எனவே வாங்குவதற்கு முன் எழுதிக் கேளுங்கள். சட்டைப்பைக்குள் கடிதம் இல்லாமல் பறக்கவிடாதீர்கள். எமக்குக் கடிதம் கிடைக்க மாதங்கள் சென்றன. ஓர் அலுவலகத்தில் எமது கோவை இரண்டு தடவை காணாமற்போனது. பிள்ளைகள் அதற்கிடையில் மூன்று விமானங்களுக்கு உடல் செய்துவிட்டார்கள்.

கடிதம் வந்தபின் பொலிஸ் நிலையத்துக்கும் கிராம அலுவலருக்கும் அறிவித்தோம். வெடிபொருள் அகற்றி ஒப்படைக்கப்பட்ட, சுற்றிலும் வயலாக உள்ள குளத்து வெளியைத் தெரிவு செய்தோம். முந்திய ஞாயிறு திருப்பலியில், எந்த நாள், எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை என்று அறிவித்தோம். அந்தத் தாயின் வீட்டுக்கு நேரில் போய், மேசையில் வைத்து மோட்டரை ஓட்டிக் காட்டினோம். அவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "இது மின்விசிறிச் சத்தம்" என்றார். பறக்கவிட்ட நாளில் அவர் வரவில்லை. மகளை அனுப்பியிருந்தார்.

விமானம் ஐந்து நிமிடம் பறந்தது. ஓட்டியவன் அன்ரெனாவை வெட்டிய அதே பையன். இறக்கும்போது ஒரு காலை உடைத்தான். அன்று மாலையே அதைத் திருத்தினான்.

காலபோக அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் அடுத்த வகுப்பு ஆரம்பமாகும். வர விரும்பும் பிள்ளைகள் தொப்பி, செருப்பு, பாவித்த மீன்பெட்டி ஒன்று கொண்டுவரவேண்டும். பெற்றோரில் ஒருவர் முதல் நாள் கட்டாயம் கூடவே வரவேண்டும். மோட்டரின் சத்தத்தை அவர்கள் கேட்டுச் சம்மதித்த பிறகே பெயரைப் பதிவோம்.